பாதிக் குளிசையின் கணக்கு

கரிமம்-11 என்ற கதிரியக்க அணுவுக்கு ஆயுள் அற்பம். 20 நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். அடுத்த 20 நிமிடத்தில் மிச்சத்தில் பாதி. பக்கத்து ஊரில் செய்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதற்குள் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அதைக்கொண்டு மனித மூளையைப் படம் பிடிக்க நினைப்பவர்கள், அணுவை உண்டாக்கும் சைக்ளோட்ரானையும் படம் எடுக்கும் இயந்திரத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். ரொறன்ரோவில் அப்படி ஓர் இடம் கொலேஜ் வீதி 250ஆம் இலக்கக் கட்டிடத்தில், ஸ்பெடைனா சந்திக்குப் பக்கத்தில் அமைந்தது. 1966 இல் கிளார்க் மனநல நிறுவனமாகத் திறக்கப்பட்ட கட்டிடம் அது. 1998 இல் வேறு மூன்று நிறுவனங்களோடு இணைந்து, ஊரில் எல்லோரும் ‘காம்எச்’ என்று சொல்லும் மனநல மையமாயிற்று. 506 ஸ்ட்ரீட்காரில் அந்த வழியால் போகிறவர்களில் அநேகர் அதை இன்னொரு சாம்பல்நிற ஆஸ்பத்திரி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

2000 ஆம் ஆண்டளவில் அங்கே அலன் வில்சன், சில்வான் ஹூல் முதலியோர் ஒரு மூலக்கூறைச் செய்தார்கள். டி.ஏ.எஸ்.பி. என்று பெயர். அதில் கரிமம்-11 ஐப் பொருத்தி இரத்தக் குழாயில் ஏற்றினால், அது மூளைக்குப் போய் செரோட்டோனின் கடத்தி என்ற ஒரே ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடமெல்லாம் பெட் ஸ்கேனில் ஒளிரும். ஆய்வுக்கு வந்தவர் மேசையில் மல்லாந்து படுப்பார். சூட்டில் இளகி முகத்தின் வடிவுக்கு இறுகும் பிளாஸ்டிக் முகமூடி தலையை அசையவிடாமல் பிடித்திருக்கும். கையில் ஊசி. அப்படியே ஒன்றரை மணி நேரம் கிடக்க வேண்டும். பிறகு அவர் சில வாரம் குளிசை எடுத்துவிட்டு மறுபடி வந்து படுப்பார். முதல் படத்தில் ஒளிர்ந்த இடங்களில் எத்தனை இப்போது மங்கியிருக்கின்றனவோ, அத்தனை இடங்களைக் குளிசை முன்னமே பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உலகில் மிக அதிகமாக எழுதிக் கொடுக்கப்படும் மருந்து வகை, உயிரோடிருக்கும் மனிதனின் மூளையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை இப்படித்தான் எண்ணிப் பார்த்தார்கள்.

அந்த மருந்து வகைக்கு எஸ்எஸ்ஆர்ஐ என்று பெயர். புரோஸாக் என்ற ஃபுளுவோக்செட்டின், ஸோலோஃப்ட் என்ற செர்ட்ராலின், சிட்டலோப்ராம், கனடாவில் சிப்ரலெக்ஸ் என்று விற்கும் எஸ்சிட்டலோப்ராம், பரோக்செட்டின் எல்லாம் ஒரே குடும்பம். மூளைத்தண்டின் நடுக்கோட்டில் சில லட்சம் நரம்பணுக்கள் செரோட்டோனின் என்ற இரசாயனத்தைச் செய்து, நீண்ட இழைகள் வழியே மூளையின் எல்லா மூலைக்கும் அனுப்புகின்றன. ஓர் அணு அடுத்த அணுவுக்குச் செய்தி சொல்ல அதை இடைவெளியில் விடுகிறது. சொல்லி முடிந்ததும் கடத்திப் புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. எஸ்எஸ்ஆர்ஐ போய் அந்தக் கடத்தியில் குந்திக்கொள்ளும். இழுப்பு குறையும், செரோட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் நிற்கும்.

இந்தக் கடத்தி மூளைக்கு மட்டும் சொந்தமானதல்ல. உடம்பின் செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. குளிசை தொடங்கிய முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டுவதும் வயிறு இளகுவதும் அதனால்தான். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களிலும் இதே கடத்தி உண்டு. முழங்கால் நோவுக்கு ஐபுபுரோஃபென் போடுகிறவர் எஸ்எஸ்ஆர்ஐயும் சேர்த்து எடுத்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது. இதை டொக்டர் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்ல வேண்டும்.

கொலேஜ் வீதிக்குத் திரும்புவோம். ஜெஃப்ரி மேயரும் குழுவினரும் 2001 இல் இரண்டு மருந்துகளையும், 2004 இல் 77 பேரிடம் ஐந்து மருந்துகளையும் சோதித்து வெளியிட்டார்கள். மருந்துகள் வேறு, மில்லிகிராம் வேறு: சிட்டலோப்ராம் 20, பரோக்செட்டின் 20, செர்ட்ராலின் 50. ஆனால் வெற்றுக் குளிசையை விட மேல் என்று மருத்துவச் சோதனைகளில் நிரூபிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவில், எல்லா மருந்தும் பிடித்த இடம் ஏறத்தாழ ஒன்றே: 80 சதவீதம். வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு நாடுகளில் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து, தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த அளவுகள் எல்லாம் ஒரே எண்ணில் வந்து நின்றன. எனக்கு இந்தத் துறையில் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

ஆனால் இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது 80 என்ற எண்ணை விட, அதற்கு ஏறும் வழியின் வடிவம். அது நேர்கோடு அல்ல. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் காலியாயிருக்கும்போது உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் இலை கிடைக்கும். முக்கால்வாசி நிரம்பிய பிறகு வருகிற கூட்டத்தில் இரண்டொருவர் உட்காருவார்கள், மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். சிட்டலோப்ராமில் முதல் மூன்றரை மில்லிகிராமே கடத்திகளில் பாதியைப் பிடித்துவிடுகிறது. 9 மி.கி. வரும்போது 70 சதவீதம், 20 இல் 80. அளவை இரட்டித்து 40 ஆக்கினால் 86 தான். 60 ஆக்கினாலும் 88 ஐத் தாண்டாது.

இந்த வளைவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், குளிசையைப் பற்றி வீடுகளில் நடக்கும் பல தர்க்கங்கள் பிழையாகிவிடும். அதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

மனச்சோர்வு என்றால் மூளையில் செரோட்டோனின் குறைவு, குளிசை அந்தக் குறையை நிரப்புகிறது என்பது ஊரறிந்த விளக்கம். அதன் வேரில் நம் பக்கத்து மூலிகை ஒன்று இருக்கிறது. சர்ப்பகந்தா வேரைப் பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுத்துவதைப் பற்றி 1931 இல் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். 1952 இல் சுவிஸ் கம்பெனி ஒன்று அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. இரத்த அழுத்தத்துக்கு அதை விழுங்கிய சிலர் சோர்ந்து போனார்கள். 1955 இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று, ரெசர்பின் மூளையின் செரோட்டோனினை வடித்துவிடுகிறது என்று காட்டியது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாயிற்று. எலி லில்லி கம்பெனியில் டேவிட் வொங், பிரையன் மொல்லோய், ரே ஃபுல்லர் ஆகியோர் உருவாக்கிய ஃபுளுவோக்செட்டின் 1974 இல் ஆய்விதழில் வெளிவந்து, 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ‘இரசாயனச் சமநிலைக் குலைவு’ என்ற அந்த விளக்கமும் மருந்தோடு சேர்ந்து விற்றது.

முடிச்சு அவ்வளவு இறுக்கமானதல்ல. மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரோட்டோனின் சீராகக் குறைந்திருப்பதற்குச் சான்று இல்லை என்று 2022 இல் ஜோஆனா மொன்கிரீஃபும் குழுவினரும் பழைய ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு ‘அப்போ குளிசை ஏமாற்று’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அது அவசரம். பரசிட்டமோல் தலையிடியைத் தீர்ப்பதால் தலையில் பரசிட்டமோல் குறைந்திருந்தது என்று ஆகாது. தலையில் அது இல்லை என்பதால் தலையிடி தீராமலும் போகாது. மருந்து வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. 2018 இல் ஆந்திரேயா சிப்ரியானி குழு 522 சோதனைகளை, 1,16,477 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆராய்ந்த 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையை வென்றன. பெரிய வித்தியாசத்தில் அல்ல. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்தாகச் சிட்டலோப்ராம் எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் முழுதாகத் தேறினார். ஆக, கடத்தி 80 சதவீதம் அடைபட்ட எல்லோருக்கும் மனம் திறப்பதில்லை. சிலருக்கு இது மறுபிறப்பு, சிலருக்குக் கொஞ்சம் ஆறுதல், சிலருக்கு ஒன்றுமில்லை. முன்கூட்டிச் சொல்ல வழி இன்னும் வரவில்லை.

இன்னொரு முரண்: கடத்தி சில மணி நேரத்தில் அடைபடுகிறது, மனம் தேறவோ வாரங்கள் ஆகின்றன. இதற்கு ஒரு நல்ல விளக்கம் மொன்ட்ரியலிலிருந்து வந்தது. 1980களில் குளோட் டி மொன்டின்யீயும் பியெர் பிளியேயும் எலிகளின் நரம்பணுக்களில் நுண்மின்முனை வைத்துக் கேட்டார்கள். இடைவெளியில் செரோட்டோனின் கூடியதும், அதைச் சுரக்கும் அணுக்கள் ‘போதும்’ என்று தாங்களே சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் தடை ஓய்ந்து பழைய வேகம் திரும்புகிறது. கதை அதோடு முடிவதில்லை. ஒக்ஸ்ஃபோர்டில் கேதரின் ஹார்மர் காட்டியது போல, பிறர் முகத்தில் கோபத்தையே முதலில் காணும் மனத்தின் சாய்வு முதல் சில நாட்களிலேயே மாறத் தொடங்குகிறது. அந்த மாற்றம் அன்றாட வாழ்க்கையில் சேர்ந்து பலன் தரத்தான் நாள் எடுக்கிறது. நடைமுறையில் நோயாளிக்குத் தெரியவேண்டியது ஒன்று: முதல் இரண்டு வாரம் பக்கவிளைவு முன்னால் வரும், பலன் பின்னால் வரும். பதற்ற நோய்க்காரருக்குத் தொடக்கத்தில் படபடப்பு கூடவும் செய்யும். அதனால்தான் டொக்டர்கள் அவர்களுக்குப் பாதிக் குளிசையில் தொடங்குகிறார்கள். அந்தப் பாதிக்கு நியாயம் உண்டு.

டி.ஏ.எஸ்.பி. வைத்து அதே கொலேஜ் வீதியில் இன்னொன்றும் கண்டார்கள். நிக்கோல் பிராஷக்-ரீடரும் மேயரும் மற்றவர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு. நோயில்லாத 88 ரொறன்ரோவாசிகளை வருடத்தின் எல்லாக் காலத்திலும் ஸ்கேன் செய்திருந்தார்கள். இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் கடத்தியின் பிணைப்பு கூடுதல், வெயில் காலத்தில் குறைவு. வெயில் நேரம் சுருங்கச் சுருங்க அது ஏறியது. யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்தின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். ரொறன்ரோவில் அதே நாளில் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ‘இந்தக் குளிர் வந்தாலே எனக்கு ஒண்டும் ஏலாது’ என்று சொல்லும் மாமியைச் சோம்பேறி என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

1983 க்குப் பிறகு வந்து குவிந்த ஈழத்தமிழர்கள் இந்த நகரத்துக்குக் குளிரை விடக் கனமான சுமைகளோடு வந்தார்கள். மோர்ட்டன் பைசர், லாரா சிமிச், நளினி பண்டலங்கட் ஆகியோர் ரொறன்ரோத் தமிழரிடையே வீடுவீடாக விசாரித்து 2003 இல் எழுதிய ஆய்வின் தலைப்பிலேயே ‘துயருறும் சமூகம்’ என்ற கருத்து இருந்தது. போரின் உளவடுவால் வருந்தியவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றது அது. இருபது வருடம் கடந்துவிட்டது. இப்போது குளிசை வீட்டுக்குள் வந்துவிட்டது, வெளியே சொல்லப்படுவதில்லை. அலுமாரியில் பிரஷர் குளிசைக்குப் பின்னால் இருக்கும். பேர் கேட்டால் ‘நித்திரைக் குளிசை’ என்பார்கள். ‘விசர்’ என்ற சொல்லுக்குப் பயந்து அப்படிச் சொல்வது விளங்குகிறது. ஆனால் அந்தப் பெயர் மருந்தையே மாற்றிவிடுகிறது. நித்திரைக் குளிசையை நித்திரை வராத இரவில் போடலாம், வந்த இரவில் விடலாம். எஸ்எஸ்ஆர்ஐயை அப்படி எடுக்க முடியாது.

மார்க்கம் வீதியிலோ எக்ளிங்டனிலோ தமிழ் பேசும் ஃபார்மசி ஒன்றில் வரிசையில் நின்றால் இப்படியொரு பேச்சு காதில் விழுவது அரிதல்ல:

“பிள்ளை, நான் இப்ப பாதிதான் போடுறன். சுகமாயிட்டுது.”

“டொக்டரிட்டச் சொன்னீங்களோ அன்ரி?”

“அவருக்கு என்னத்துக்கு? பாதி போட்டா பாதி வேலை செய்யும்தானே. அடுத்த மாசம் ஊருக்குப் போறன், அங்க போய் விட்டுடுவன்.”

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 மி.கி. சிட்டலோப்ராமைப் பாதியாக்கினால் பிடித்த இடம் 80 இலிருந்து 71 அளவுக்கு இறங்கும். பாதியல்ல, பத்தில் ஒரு பங்கு போலத்தான் குறைந்திருக்கிறது. அன்ரிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, துணிச்சல் வரும். கால் குளிசை ஆக்கினால் 58 போல. அதற்கும் தாக்குப்பிடிப்பார். பிறகு அந்தக் கால் குளிசையை விடுவதுதானே, அற்பமான படி என்று நினைப்பார். அந்த அற்பமான ஐந்து மில்லிகிராம்தான் 58 இலிருந்து பூச்சியத்துக்கு விழும் செங்குத்து. முதல் 15 மில்லிகிராமைக் குறைத்தபோது இறங்கியதை விட இரண்டரை மடங்கு இறக்கம் கடைசிப் படியில் காத்திருக்கிறது.

விழுந்தால் என்ன ஆகும்? தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு, கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் சொடுக்கியது போன்ற அதிர்ச்சி, காரணமில்லாத அழுகை. இவை பழைய நோய் திரும்பிவிட்டது போலவே தோற்றமளிக்கும். ‘விட்டவுடன் பழையபடி வந்திட்டுது, இனிச் சாகும்வரை இதுதான்’ என்று நோயாளியும் நம்புவார், சிலவேளை டொக்டரும் நம்புவார். வேறுபடுத்த ஓர் அடையாளம்: விட்ட சில நாட்களுக்குள், உடம்பில் புதுவிதமான உணர்ச்சிகளோடு வந்தால் அது பெரும்பாலும் விலகல் அறிகுறி, நோய் திரும்புவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். இது எல்லோருக்கும் வருவதல்ல. 2024 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வெற்றுக் குளிசையை நிறுத்தியவர்களுக்கு வந்ததைக் கழித்துப் பார்த்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு வருகிறது என்றது. கடுமையாக வருவது இன்னும் அரிது. பரோக்செட்டின் இரத்தத்திலிருந்து வேகமாகக் கழிவதால் அதில் கூடுதல். ஃபுளுவோக்செட்டின் வாரக்கணக்கில் உடம்பில் தங்குவதால் குறைவு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிற வழக்கம் ஃபுளுவோக்செட்டினுக்குப் பொருந்தலாம். பரோக்செட்டினுக்கு அது தினமும் ஏற்றி இறக்கும் ஊஞ்சல்.

இது போதைக்கு அடிமையாவது அல்ல. இன்னும் வேண்டும் என்ற ஏக்கம் இதில் கிடையாது, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் தேவையும் இல்லை. மாதக்கணக்கில் ஒரு நிலைக்குப் பழகிய மூளைக்கு மறுபடி பழக நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

கொலேஜ் வீதியின் வளைவைத் தலைகீழாகப் படித்தவர்கள் மார்க் ஹொறோவிட்ஸும் டேவிட் டெய்லரும். அளவை ஒரே சீராகக் குறைக்காதீர்கள், பிடித்த இடம் ஒரே சீராகக் குறையும்படி குறையுங்கள் என்று 2019 இல் லான்செட் மனநல இதழில் எழுதினார்கள். அதாவது தொடக்கத்தில் பெரிய படி, போகப்போகச் சின்னப் படி. சிட்டலோப்ராமில் கடைசிப் படி ஒரு மில்லிகிராமுக்கும் கீழே, ஒவ்வொரு படிக்கும் வாரக்கணக்கு. கத்தியால் வெட்டி அந்த அளவைக் கொண்டுவர முடியாது. திரவ மருந்து வேண்டும், இல்லாவிட்டால் ஃபார்மசியில் அளவுக்குக் கலந்து தரவேண்டும். மயிலிறகால் வருடுவது போன்ற இந்த அளவுகளுக்கு ஆதாரமான ஆய்வுகள் இன்னும் போதாது என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் பிரிட்டனின் அரச மனநல மருத்துவர் கல்லூரி 2020 இல் இதே போக்கில் வழிகாட்டி வெளியிட்டது. மருந்துக் கம்பெனிகள் தொடங்கும் அளவில் குளிசை அடித்து விற்கின்றன. முடிக்கும் அளவில் அடித்து விற்பதில்லை. இதில் கம்பெனிகளை மட்டும் நொந்து பயனில்லை, தொடங்கும்போது முடிப்பதைப் பற்றி டொக்டர்களும் பேசுவதில்லை.

வளைவின் மேல்முனையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பலன் போதவில்லை என்று சிட்டலோப்ராமை 40, 60 என்று ஏற்றினால் கடத்தியில் கிடைப்பது ஆறு, எட்டுச் சதவீதம். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஏற்படும் தாமதமோ அளவோடு சேர்ந்து வளர்கிறது. அதனால் கனடாவின் சுகாதாரத் துறை 2012 இல் உச்ச அளவை 40 ஆகவும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 20 ஆகவும் கட்டுப்படுத்தியது. நமக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். சிட்டலோப்ராமையும் எஸ்சிட்டலோப்ராமையும் கல்லீரலில் உடைக்கும் ஒரு நொதியை மந்தமாக்கும் மரபணு வடிவம், ஐரோப்பியரை விடத் தென்னாசியரிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வடிவத்தை இருபுறமும் பெற்றவருக்கு 20 மி.கி. விழுங்கினாலும் இரத்தத்தில் இருப்பது மற்றவர்களின் 40 போன்றது. அவர்களுக்கும் உச்சம் 20 தான். காம்எச்சில் ஜேம்ஸ் கென்னடி தலைமையில் நடந்த பெரிய மரபணு ஆய்வு, இப்படியான வேறுபாடுகளை ஒன்ராறியோ டொக்டர்களின் மேசைக்குக் கொண்டுவர முயன்றது. உங்களுக்குச் சின்ன அளவிலேயே பக்கவிளைவு தாங்க முடியாமல் இருந்தால், ‘பழகிவிடும்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

பாலுணர்வு மங்குவது இந்த மருந்துகளில் மிகச் சாதாரணம். தமிழ் வீடுகளில் யாரும் வாய் திறக்காமல் குளிசையை நிறுத்துவதற்கு இது முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். டொக்டருக்கு இது புதுச் செய்தி அல்ல. 25 வயதுக்குட்பட்டவர்களிடம் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு இரத்தத்தில் உப்பு இறங்கித் தடுமாற்றம் வரலாம். வலிக்குத் தரும் டிரமடோலையும், மூலிகைக் கடைகளில் கிடைக்கும் செயின்ட் ஜோன்ஸ் வேர்ட்டையும் இதோடு சேர்க்கக் கூடாது.

காசு விடயமும் உண்டு. மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை டொக்டருக்கும் மனநல மருத்துவருக்கும் செல்லும், குளிசைக்குச் செல்லாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், தனியார் காப்புறுதி இல்லாத 24 வயது வரையானவர்களுக்கும் மாகாணத் திட்டம் இருக்கிறது. மற்றவர்கள், வருமானத்தோடு ஒப்பிடுகையில் மருந்துச் செலவு அதிகமாயிருந்தால் டிரில்லியம் திட்டத்துக்கு எழுதிப் போடலாம். காசை மிச்சம் பிடிக்கக் குளிசையை வெட்டுகிறவர்கள் முதலில் இதை விசாரியுங்கள். அரசு நடத்தும் இலவச உளப்பேச்சுச் சிகிச்சைத் திட்டத்துக்கும் குடும்ப டொக்டர் பரிந்துரைக்கலாம். குளிசையும் அதுவும் சேர்ந்தால் தனித்தனியை விட நல்லது.

தேறிய பிறகும் 6 முதல் 12 மாதம் தொடர்ந்து எடுக்கும்படி கனடிய வழிகாட்டி சொல்கிறது. அதன்பின் நிறுத்த விரும்புவது உங்கள் உரிமை. பனிக்கால நடுவிலும், ஊருக்குப் பறக்கும் வாரத்திலும் அதைத் தொடங்காதீர்கள். குளிசைப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு போய், “இதைக் குறைக்கவேணும், கடைசிப் படிகளுக்குத் திரவ மருந்து இருக்கோ?” என்று கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் 988 ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். மருந்துச் சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்க ஸ்காபரோவில் ஃபார்மசிஸ்டுகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை.